பேசாத ஆடும் சம்பந்தியம்மாவின் பெட்டியும்

எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். இருந்தது. நன்றாகவே இருந்தது. பதுளையில் இருக்கிற சம்பந்தியம்மா வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, சீனி போட்டுக் குடித்த தேத்தண்ணீரும் எனக்குச் சப்பென்று இருந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். சம்பந்தியம்மா என்று நான் சொல்வது இவளுடைய மாமியாரைத்தான். அதனால் நடுநடுவே பேனாவை நிறுத்திவிட்டு, "அம்மா, இதயும் எழுதணுமா?" என்று கேட்கிறாள். எழுது என்கிறேன். பாவம், இரண்டு பக்கமும் இடி வாங்குகிறவள்.

பெட்டி என்றால் துணிமணி வைக்கிற பெட்டி இல்லை. ஒரு பழைய கார்ட்டூன் படத்தின் எல்லாக் கதைகளையும் தட்டுகளில் பதிந்து, தபால்பெட்டி மாதிரியே சிவப்புத் தகரத்தில் ஒரு பெட்டி செய்து, அதற்குள் அடுக்கி வைத்து விற்கிறார்களாம். அந்தப் படத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தபால்காரன், ஓர் ஆடு. தபால்காரன் பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வருவான். ஆடு எங்கிருந்தாவது பாய்ந்து வந்து கடிதத்தைத் தின்றுவிடும். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு முறையும் வேறு விதமாகத் தின்னும். ஒரு தடவை தபால்காரன் தொப்பிக்குள் கடிதத்தை ஒளித்துவைத்தான். ஆடு தொப்பியோடு தின்றது. யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பின்னால் ஒரு குழல் மட்டும் ஊதிக்கொண்டிருக்கும்.

நான் ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் மட்டும் டிவி இருந்தது. கார் பேட்டரியில் ஓடும். கறுப்பு வெள்ளை. அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இருபது பேர் உட்கார்ந்திருப்போம், மிச்சப் பேர் ஜன்னலில். சிங்களப் படம் போட்டால் எழுத்துத் தெரிந்தவர்கள் கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் படித்து, சிரித்து முடித்து, அப்புறம்தான் எனக்குச் சொல்வார்கள். ஆறிப்போன சிரிப்புதான் என் பங்குக்கு வரும். ஆனால் ஆட்டுப் படம் வந்தால் நான்தான் முதலில் சிரிப்பேன். ஆடு காதை ஆட்டினாலே எனக்குத் தெரிந்துவிடும், இப்போது தின்னப்போகிறது என்று. பள்ளிக்கூடம் போன பெண்டுகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னக்கா, என்னா நடக்கப்போவுது?" என்று கேட்பார்கள். எழுத்தைத் தின்கிற ஆடு அது. எனக்குப் பிடிக்காமல் போகுமா?

இப்போது பேத்திக்கு ஏழு வயது. மகளும் மருமகனும் பிள்ளையும் பதுளை டவுனில் சம்பந்தியம்மாவோடுதான் இருக்கிறார்கள். ஆறு நாளும் பிள்ளை அங்கே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு. மகள் காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவாள். நான் ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் அரைத்து வைத்திருப்பேன். பிள்ளைக்குச் சம்பல் உறைக்கும் என்று சீனியும் தேங்காய்ப்பூவும். தின்றுவிட்டு, "அம்மாயி, ஆடு செய்ங்க" என்பாள். நான் முந்தானையைத் தலையில் போட்டு இரண்டு காதாகப் பிடித்துக்கொண்டு, பழைய லைட் பில்லைக் கடித்துக்கொண்டு காம்பரா முழுக்க ஓடுவேன். அவள்தான் தபால்காரன். முழங்கால் வலிதான். ஆனாலும் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் சம்பந்தியம்மாவின் தம்பி அந்தப் பெட்டியை அனுப்பிவைத்தான். இந்த மாதிரிப் பழைய சாமான்களைச் சேர்த்து வைக்கிறவனாம். தனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அடுத்த ஞாயிறு நான் ரொட்டி சுட்டு வைத்துக் காத்திருந்தேன். பஸ் வந்தது. மகள் தனியாக இறங்கி வந்தாள்.

"புள்ள எங்க?"

"அவ வரலம்மா. அங்க ஆட்டுப் படம் போடுறாங்க. அத்த ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போடுவாங்களாம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு. ராகுகாலத்துக்கு முன்னாடி முடிச்சிடணும்னு மத்தியானமே ஆரம்பிச்சிடுறாங்க."

"வாரத்துல வேற நாளே இல்லயா அவங்களுக்கு?"

"என்னயக் கேட்டா? போய் அவங்களக் கேளுங்க."

மூன்று ஞாயிறு அப்படிப் போனது. மூன்று ஞாயிறும் ரொட்டியை நானே தின்றேன். என் ஆடு. என் ஞாயிற்றுக்கிழமை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டாள் என்று வயிறு எரிந்தது. நாமும் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. அந்த மாதம் சீட்டு என் கைக்கு வருவதாக இருந்தது. அது கூரைத் தகரம் மாற்றுவதற்கென்று வைத்திருந்தது. தகரம் ஒழுகினால் வாளி வைக்கலாம். பிள்ளை வராவிட்டால் எந்த வாளியை வைப்பது?

புதன்கிழமை பஸ் ஏறிப் பதுளைக் கடைத்தெருவுக்குப் போனேன். டிவி, ரேடியோ, பழைய பிளேயர் எல்லாம் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். என் வீட்டு டிவியும் அவரிடம் எடுத்ததுதான். முதல் டிவியை அவருடைய வாப்பாவிடம் எடுத்தோம். அந்த வாப்பா நல்ல மனுஷர். ஒரு தடவை மழையில் நனைந்து வந்த எனக்குச் சாக்கு ஒன்றை மடித்துப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார். சரி, அது வேறு கதை.

"வாங்க ஆச்சி, வாங்க. டிவி மறுபடி மக்கர் பண்ணுதா?"

"டிவி நல்லாத்தான் இருக்கு. ஒரு பெட்டி வேணும் நானா. செவப்பு, தபால்பெட்டி மாதிரி. உள்ள ஆட்டுப் படம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒங்கட மருமகன் போன மாசந்தான் வந்து பழைய பிளேயர் ஒண்டு எடுத்துட்டுப் போனாரு. அந்தப் பெட்டிக்குத்தானா? அது லேசில கெடைக்காது ஆச்சி. கொஞ்சப் பெட்டிதான் அடிச்சிருப்பாங்க. ஒவ்வொண்டுக்கும் நம்பர் போட்டிருக்கும். அதெல்லாம் சேத்து வெக்கிற ஆக்களுக்கு. பாக்குறதுக்கு இல்ல, வெக்கிறதுக்கு."

"பாக்காம வெச்சு என்னா செய்றது?"

"அலுமாரில வெச்சு, வாற ஆக்களுக்குக் காட்டுறது. மேல ஒட்டின பிளாஸ்டிக்கக்கூடப் பிரிக்கமாட்டாங்க. பிரிச்சா வெல கொறஞ்சிரும்."

"சம்பந்தியே ஒரு காட்டுற அலுமாரிதான். அவளுக்குப் பொருத்தமான சாமான்" என்றேன்.

நானா போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு விலையைச் சொன்னார். நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தகரம் முழுவதும் போய், கதவும் போய்விடும்.

"ஆச்சி, ஒண்டு சொல்றன் கேளுங்க. போன்ல இதே படம் சும்மா வருது. பெட்டிக்கு அவ்வளவு சல்லி குடுக்கிறதுண்டா மூணு விஷயம் பாக்கணும். எல்லாக் கதையும் ஈக்குதா, படம் தெளிவா ஈக்குதா, புதுசா ஏதும் சேத்து வெச்சிருக்கிறாங்களா. ஒங்கட சம்பந்தி வீட்டுலயே போய் ஒருக்காப் பாத்துட்டு வாங்க. சரிண்டா நான் எடுப்பிச்சுத் தாறன்."

போனில் சும்மா வருகிறது என்றால் எனக்கென்ன? என் போனில் பச்சையை அமுக்கினால் பேசும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். பார்த்துவிட்டு வாங்க என்றது மட்டும் காதில் ஏறியது.

ஞாயிறு பதினொரு மணிக்கே சம்பந்தியம்மா வீட்டு வாசலில் நின்றேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று வாழைப்பழம் ஒரு சீப்பு.

"அட, வாங்க சம்பந்தி! வழி தெரிஞ்சிருச்சா? பெட்டியப் பாக்கத்தான வந்தீங்க?"

"புள்ளயப் பாக்க வந்தேன்."

"புள்ளயயும் பாருங்க, பெட்டியயும் பாருங்க. ஊரே வந்து பாத்துட்டுப் போவுது."

பெட்டி சாமி தட்டில் இருந்தது. முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், சிவப்பாக, ஒரு முழ உயரத்துக்கு. மூடியில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, விபூதிப் பட்டையும் போட்டிருந்தாள். புதுச் சாமான் எதுவானாலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். மோட்டார் சைக்கிளுக்கும் செய்வோம், கிரைண்டருக்கும் செய்வோம். அதில் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் மகள் என் காதருகே வந்து, தம்பிக்காரன் வீடியோ காலில் இதைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தைச் சொன்னாள். "அக்கா, பிரிக்காம வைக்கத்தான அனுப்புனேன்! அதுல சந்தனத்த யாரு பூசச் சொன்னா?" என்றானாம். "பிளாஸ்டிக்குக்கா பொட்டு வைக்கச் சொல்ற?" என்று இவள் கேட்டாளாம். கேட்டதும் எனக்கு அன்று காலையிலிருந்து இல்லாத பசி வந்தது. இரண்டு தோசை தின்றேன்.

அப்புறம் சம்பந்தியம்மா பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தாள். "கைய கழுவிட்டுத் தொடுங்க" என்றாள். கழுவிவிட்டுத் தொட்டேன். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கூடையின் மேலே பார்க்கமாட்டார். கையை அடி வரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். மேலே இளம் கொழுந்தைப் பரப்பி அடியில் முற்றல் இலையை மறைக்கிறவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன். அந்தப் பழக்கத்தில் நானும் பெட்டிக்குள் முழங்கை வரைக்கும் விட்டேன்.

"என்னா சம்பந்தி, பெட்டிக்குள்ள கோழி முட்டயா தேடுறீங்க?"

அடித்தட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஆட்டுப் படம், மேலே இருந்ததிலும் ஆட்டுப் படம். ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்றில் ஆடு குடையைத் தின்கிறது, ஒன்றில் ஏணியைத் தின்கிறது. முற்றல் இலை இல்லை. ஒரு படப் புத்தகம், ஒரு சின்ன ரப்பர் ஆடு. எல்லாம் சுத்தம். ஒரு குறையாவது இருக்காதா என்று தேடின கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் ரப்பர் ஆடு காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. பேத்தி அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மாயி, நீங்க ஆடு வெள்ளன்னு சொன்னீங்கள்ல. பொய்."

"எங்க டிவில வெள்ளயாத்தான் இருந்துச்சு கண்ணு."

"அப்பாயி பெட்டில பிரவுன்."

சம்பந்தியம்மா முந்தானையால் பெட்டி மூடியை ஒரு தடவை துடைத்தாள். அது போதும். நாற்பது வருஷமாக நான் வைத்திருந்த ஆட்டுக்கு அவள் வீட்டில் வேறு நிறம் அடித்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்து படம் போட்டார்கள். சாமிக்கு விளக்கு ஏற்றி, பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்து, மருமகன் தட்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கேக் வெட்டி ஆளுக்கொரு துண்டு. படம் கண்ணாடி மாதிரி தெளிவு. மலை, புல், தபால்காரனின் மூக்கில் இருந்த சிவப்பு. எனக்கு அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்போது ஒரு கிழவன் பேச ஆரம்பித்தான்.

இங்கிலீஷில். நிறுத்தாமல். தபால்காரன் நடக்கிறான், கிழவன் பேசுகிறான். ஆடு எட்டிப் பார்க்கிறது, கிழவன் கனைக்கிறான். ஒன்றும் நடக்காத இடத்தில் தானே சிரித்துக்கொள்கிறான். குழல் சத்தம் எங்கோ தூரத்தில் ஈ மாதிரி கேட்கிறது.

"யாரு சம்பந்தி இந்த ஆளு?"

"ஆடுதான் பேசுது."

"ஆடா? இந்த ஆடு பேசாது சம்பந்தி."

"ஒங்க காலத்துல பேசியிருக்காது. இது புதுசா சரிபண்ணது. இங்கிலீஸ் பேசுது, நமக்குப் புரியல, அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டுக்காரம்மா, "நல்லாத்தான் பேசுது, படிச்ச ஆடு" என்றாள். எல்லோரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள், கோயிலில் சமஸ்கிருதம் கேட்கிற மாதிரி. நான் பேத்தியைப் பார்த்தேன். பிள்ளை சிரிக்கவே இல்லை. கேக்கைத் தின்று முடித்துவிட்டு, ரப்பர் ஆட்டின் அடியில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஆடு தபால்காரனின் பையைத் தின்கிற இடத்தில் ஜன்னலைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ம். ஆடு ரொம்பப் பேசுது அம்மாயி."

என் நெஞ்சு குளிர்ந்துபோனது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னும் இரண்டே ஞாயிறு. இந்தக் கிழவன் இப்படியே பேசட்டும். பிள்ளைக்கு அலுத்துப்போகும். மறுபடி காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். சல்லி செலவில்லை, தகரமும் மிஞ்சும். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

ஏனென்றால் அவன் வாயை எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு டிஷ்ஷில் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லோரும் தெலுங்கு பேச ஆரம்பித்துவிடுவார்கள். படிச்ச பிள்ளைகள் எழுத்தைத் தேடி விழிப்பார்கள். எனக்கு எழுத்து இல்லை, விரல்தான். ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் பேச்சு மாறும். எத்தனையோ தடவை தெலுங்கில் அழுதுகொண்டிருந்த மாமியாரைத் தமிழுக்கு இழுத்து வந்திருக்கிறேன். இந்தக் கிழவனும் அப்படி மேலே ஏறி உட்கார்ந்தவன்தான். இறக்கினால் இறங்குவான்.

ரிமோட் சம்பந்தியம்மாவின் மடியில் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டது.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது கதை வந்தது. அது தொப்பிக் கதை. தபால்காரன் கடிதத்தைத் தொப்பிக்குள் வைக்கிறான். ஆடு காதை ஆட்டுகிறது. இந்த இடத்தில் குழல் மூன்று தடவை ஏறி நிற்கும், மூச்சு வாங்கும், அப்புறம்தான் தின்னும். எனக்கு அது மனப்பாடம். குழல் ஏற வேண்டிய நேரத்தில் அந்தக் கிழவன் இருமினான்.

என்னால் முடியவில்லை. "குடுங்க அத" என்று சம்பந்தியம்மா மடியிலிருந்து ரிமோட்டை எடுத்துவிட்டேன்.

"ஐயோ, பாத்து! எதயாச்சும் அமுக்கி ஒடச்சிறாதீங்க!"

முதல் பொத்தானில் படம் நின்றது. எல்லோரும் "ஐயோ" என்றார்கள். இன்னொன்றில் மறுபடி ஓடியது. அடுத்ததில் எழுத்தாக வந்து விழுந்தது. "அம்மா, வெச்சிருங்கம்மா" என்று மகள் கெஞ்சினாள். நான் முந்தானைக்குள் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினேன். ஒரு பொத்தான். இன்னொரு தடவை அதே பொத்தான். கிழவன் நின்றான்.

குழல் வந்தது. அறை முழுக்க. ஒன்று, இரண்டு, மூன்று ஏறி, நின்றது. நான் "இப்ப!" என்றேன். ஆடு தொப்பியோடு தின்றது. பேத்தி கையிலிருந்த ரப்பர் ஆடு கீழே விழ, "ஹோ" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா சிரித்துப் புரையேறினாள். சம்பந்தியம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் எல்லோருக்கும் முன்னால் சிரித்தேன், அப்போது சிரித்த மாதிரியே.

சிரித்து முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பேத்தி ஓடிப்போய் சம்பந்தியம்மா மடியில் ஏறி உட்கார்ந்து, "அப்பாயி, இன்னொரு தட்டு! இன்னொரு தட்டு!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தாள். "பாத்தீங்களா சம்பந்தி, பெட்டினா பெட்டி" என்றாள். அவள் பெட்டியை என் கையாலேயே நல்ல பெட்டியாக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த கேக்கைத் தின்றேன். கேக்கும் நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலாக வந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே நானாவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னேன், மகளிடம்.

"பாத்தீங்களா ஆச்சி? வாங்குறதுக்குப் பெறுமதிதானா?"

"பெறுமதிதான் நானா. எல்லாக் கதையும் இருக்கு. அடியில முத்தல் இல்ல. ஒரு கெழவன் மேல ஏறி உக்காந்திருக்கான், அவன எறக்கிட்டா தங்கம்."

"அது படத்தச் செஞ்ச ஆள் கதய வெளக்குறது ஆச்சி. அப்ப எடுப்பிக்கவா?"

"வேணாம். ஒரு ஊருக்கு ஒண்ணு போதும்" என்று வைத்துவிட்டேன். சும்மா கௌரவத்துக்குச் சொன்னது. இந்தப் பெட்டி இன்னொன்று என் காம்பராவில் இருந்தால், மழைக்கு அதன் தலையிலும் ஒரு வாளி வைக்க வேண்டியிருக்கும். சீட்டுக் காசில் தகரம் மாற்றியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு ரொட்டிக்கு மாவு பிசையவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. சம்பந்தியம்மா. அவள் எனக்குப் போன் போட்டது, கல்யாணத்துக்கு நாள் குறித்ததற்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

"சம்பந்தி, அந்தக் கெழவன் மறுபடி வந்துட்டான்."

"எப்புடி?"

"புதுத் தட்டு போட்டோம், மொதல்லருந்தே பேசுறான். ஒங்க மருமகன் வேலைக்குப் போயிட்டாரு. ஒங்க மக அமுக்கிப் பாத்தும் அவன் போவல. புள்ள அழுவுது. எந்தப் பட்டன்னு சொல்லுங்களேன், நானே அமுக்கிக்கிறேன்."

பின்னால் பேத்தியின் குரல் கேட்டது: "அம்மாயிய வரச் சொல்லுங்க!"

நான் மாவுச் சட்டியை மூடி வைத்தேன். "வாயால சொல்லத் தெரியாது சம்பந்தி. எனக்கு எழுத்தா தெரியும்? வெரலு போற எடத்துல போவும். படத்த நிறுத்தி வைங்க. இந்தா, பஸ்ஸுக்குக் கௌம்பிட்டேன்."

ஒவ்வொரு தட்டிலும் அந்தக் கிழவன் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் போகிறேன். முந்தானைக்குள் ரிமோட்டை வைத்துத்தான் அமுக்குகிறேன். சம்பந்தியம்மா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள். பேத்தி இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்கிறாள். கால் அவள் மடியில், தலை என் மடியில். காலைவிடத் தலை பெரியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பெட்டி அவள் சாமி தட்டில் இருப்பதைப் பார்த்தால் இன்னும் எரியத்தான் செய்கிறது.

மகள் பேனாவை நிறுத்திவிட்டு, "அம்மா, அத்த படிக்கத் தெரிஞ்சவங்க, இதப் படிச்சா?" என்கிறாள். படிக்கட்டும். எந்தப் பொத்தான் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.